எழுபது வளைவுகள்

சென்ற ஆவணி மாதம் எங்கள் கல்லூரி ஆசிரியர் கூட்டத்தில் ஒரு தீர்மானம் சுற்றுக்கு வந்தது. பந்தய வகை மோட்டார் சைக்கிள்களில் வரும் மாணவர்களை வளாகத்திற்குள் அனுமதிப்பதில்லை என்பது அதன் சாரம். அதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்புதான் இரண்டாமாண்டு மாணவன் ஒருவன் கொல்லிமலைச் சாலையில் விழுந்து காறை எலும்பு முறிந்து மருத்துவமனையில் கிடந்தான். ஏறக்குறைய எல்லோரும் கையெழுத்திட்டார்கள். இடாதவர்கள் இருவர். ஒருவர் அன்று விடுப்பில் இருந்தார். மற்றவர் நான். காரணம் கேட்டார்கள். உடனே சொல்லத் தெரியவில்லை. அன்று கூட்டத்திற்கு நான் வந்ததே அப்படியொரு வண்டியில்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் என் பதில் அமுங்கிப் போயிற்று. அதை இங்கே சற்று விரிவாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

தமிழ் படித்துத் தமிழே கற்பிக்கிற ஒருவன், நாற்பத்தைந்தை நெருங்கும் வயதில், மோட்டார் சைக்கிளைப் பற்றி என்ன எழுதிவிட முடியும் என்று நண்பர்கள் நினைக்கலாம். நியாயமான ஐயம்தான். வண்டி என்னுடையதல்ல, அக்கா மகனுடையது. 2019இல் அவன் வாங்கிய யமஹா ஆர் 15, மூன்றாம் பதிப்பு. ('ஆர் பதினைந்து' என்று நான் சொன்னால் மாணவர்கள் முகம் சுளிக்கிறார்கள். 'ஆர் ஒன் ஃபைவ்' என்றுதான் சொல்ல வேண்டுமாம்.) 2023இல் மேற்படிப்புக்காக ஜெர்மனிக்குப் புறப்பட்டபோது, "வாரத்துக்கு ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி வைங்க மாமா, அது போதும்" என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போனான். ஓடுவதற்கென்றே செய்த ஒன்றை நிற்க வைத்து உறும விட்டு அணைப்பது எனக்கு என்னவோபோல் இருந்தது. தெருமுனை வரை ஓட்டினேன். பிறகு சேந்தமங்கலம் வரை. இப்போது நாள்தோறும் கல்லூரிக்கு அதில்தான் போகிறேன்.

இந்த வண்டியைப் பற்றி இரண்டு விதமான கருத்துகள் உலவுகின்றன. பிள்ளைகளைக் கொல்லும் அசுர வேக வண்டி என்பது ஒன்று. பெற்றோர்களும் ஆசிரியர்களும் சொல்வது. பெரிய வண்டியின் வேடம் போட்ட சிறிய வண்டி, வெறும் நூற்றைம்பது சிசி, வெளிப்பூச்சு மட்டும்தான் என்பது மற்றொன்று. பெரிய எஞ்சின் வைத்திருப்பவர்கள் சொல்வது. ஒன்றையொன்று மறுப்பவை போலத் தோன்றினாலும் இரண்டும் எஞ்சினை மட்டுமே எடைபோடுகின்றன. இந்த வண்டி எப்படித் திரும்புகிறது, எப்படி நிற்கிறது என்று இரு தரப்பாரும் கேட்பதில்லை. அதன் இயல்பு முழுவதும் அங்கேதான் இருக்கிறது என்பது என் துணிபு.

கொஞ்சம் வரலாறு. 2008ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஆர் 15 இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. 149.8 சிசி ஒற்றை உருளை எஞ்சின், நான்கு வால்வுகள், நீரால் குளிர்விக்கும் ஏற்பாடு, ஆறு கியர்கள், 17 குதிரைத்திறன். விலை ஒரு லட்சத்திற்குச் சற்றுக் குறைவு. 2003 முதல் ஓடிக்கொண்டிருந்த ஹீரோ ஹோண்டா கரிஸ்மா ஏறக்குறைய இதே திறனை 223 சிசி எஞ்சினிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தது. பஜாஜ் பல்சர் 220 இதைவிடக் கூடுதல் திறனோடு, குறைந்த விலையில் கிடைத்தது. நேர்சாலையில் பல்சர்காரர் ஆர் 15ஐத் தாண்டிப் போய்விடுவார். அது அன்றே எல்லோருக்கும் தெரிந்த செய்தி. ஆகவே திறன் கணக்கில் இந்த வண்டி முதலிடத்தில் இருந்த காலம் என்று ஒன்று இல்லை.

அது எதில் முந்தியிருந்தது என்றால், சட்டகத்தில். சாதாரண மோட்டார் சைக்கிளில் குழாய்களை வளைத்து ஒட்டிய கூடு ஒன்று எஞ்சினைத் தாங்கியிருக்கும். இதிலோ முன்சக்கரத்தின் கவைக்கோல் பொருந்தும் கழுத்துப் பகுதியிலிருந்து, பின்சக்கரத்தைத் தாங்கும் கை பொருந்தும் இடம் வரை, இருபுறமும் அகன்ற இரண்டு எஃகுத் தண்டுகள் ஏறத்தாழ நேராக ஓடுகின்றன. டெல்டாபாக்ஸ் என்பது யமஹா அதற்கு வைத்த பெயர். பந்தய வண்டிகளுக்காக உருவான ஏற்பாடு. இதனால் என்ன பயன்? வண்டியைச் சாய்க்கும்போது முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒரே சொல்லைக் கேட்கின்றன. கூடு நெளிந்தால் முன்சக்கரம் ஒன்று சொல்லும், பின்சக்கரம் அரைநொடி கழித்து வேறொன்று சொல்லும். பழைய வண்டிகளில் வளைவின் நடுவே ஒரு பள்ளம் குறுக்கிட்டால் வண்டி பாம்புபோல் நெளியுமே, அது இதுதான்.

2011இல் வந்த இரண்டாம் பதிப்பில் பின் டயரின் அகலத்தை 100இலிருந்து 130 மில்லிமீட்டராகக் கூட்டினார்கள். சக்கரங்களுக்கு இடையிலான தூரமும் 1290இலிருந்து 1345 மில்லிமீட்டர் ஆயிற்று. முதற்பதிப்பை ஓட்டியவர்களுக்கு இதில் மனக்குறை உண்டு. அந்த மெலிந்த டயரில் வண்டி நினைத்தவுடன் திரும்பியது, இதில் கொஞ்சம் யோசித்துவிட்டுத் திரும்புகிறது என்பார்கள். 2018இல் மூன்றாம் பதிப்பு வந்தது. 155 சிசி, 19 குதிரைத்திறன், தூரம் மீண்டும் 1325ஆகக் குறைந்தது. 125 சிசிக்கு மேற்பட்ட எல்லா வண்டிகளுக்கும் ஏபிஎஸ் கட்டாயம் என்ற விதி 2019 ஏப்ரலில் முழுமையாக நடைமுறைக்கு வந்ததால் என் மருமகனின் வண்டியில் அதுவும் இருக்கிறது. 2021இன் நான்காம் பதிப்பில் திறன் சற்றுக் குறைந்து, பின்சக்கரம் வழுக்கினால் தானே அடக்கும் மின்னணு ஏற்பாடு சேர்ந்தது. விவரப் பட்டியல் போதும்.

ஊருக்குள் இந்த வண்டி ஒரு துன்பம். அதை மறைக்கப் போவதில்லை. கைப்பிடிகள் தாழ்வாக இருப்பதால் உடலின் முன்பாரம் முழுவதும் மணிக்கட்டில் இறங்குகிறது. நாமக்கல் பேருந்து நிலையத்தைச் சுற்றிய நெரிசலில் கால் மணி நேரம் ஊர்ந்தால் வகுப்பில் சுண்ணக்கட்டி பிடிக்கும்போது விரல் நடுங்குகிறது. கைப்பிடி அதிகம் திரும்பாது. குறுகிய சந்தில் வண்டியைத் திருப்ப வேண்டுமானால் மூன்று முறை முன்னும் பின்னும் உருட்ட வேண்டும். கண்ணாடியில் சாலையைவிட என் முழங்கைகள்தான் நன்றாகத் தெரிகின்றன. முகப்பு விளக்கு இருட்டான சாலைக்குப் போதாது. பின்னிருக்கையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். என் மனைவி ஒருமுறை ஏறி உட்கார்ந்தார். "இது சீட்டு இல்ல, பரண்" என்று சொல்லி இறங்கியவர் அதன்பின் ஏறியதில்லை.

எஞ்சினும் ஊருக்குள் சாதுவாகவே இருக்கிறது. உள்ளே காற்று போகும் வால்வுகளைத் தூக்குவதற்கு இதில் இரண்டு விதமான குமிழ்கள் இருக்கின்றன. நிமிடத்திற்கு 7,400 சுற்றுகள் வரை சிறிய குமிழ். அதற்கு மேல் பெரியது. கீழ்ச்சுற்றுகளில் ஆறாவது கியரில் ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில்கூட முனகாமல் போகும் சாதாரண வண்டி. முள் 7,400ஐத் தாண்டும்போது குரல் மாறுகிறது. முழுத் திறனும் கிடைப்பது 10,000 சுற்றில். அவ்வளவு உயரத்திற்கு அன்றாடம் யாரும் போவதில்லை. சேலம் நெடுஞ்சாலையில் 80இல் போய்க்கொண்டிருக்கும்போது முன்னால் ஒரு லாரியைத் தாண்ட வேண்டுமென்றால், ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் மட்டும் போதாது. இரண்டு கியர் இறக்க வேண்டும். எதிரே எவ்வளவு இடம் இருக்கிறது என்று முன்கூட்டியே கணக்குப் போட வேண்டும். 130 கிலோமீட்டர் வரை போகக்கூடிய வண்டிதான். ஆனால் அந்த வேகத்தை அது உடனே எடுத்துத் தந்துவிடாது. சேர்த்துச் சேர்த்துத்தான் தரும்.

இந்தச் சிக்கனத்தைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது வேறு விதமாகத் தோன்றுகிறது. யாப்பிலக்கணம் நடத்தும்போது ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒரு மாணவன் கேட்பான்: "வெண்பாவுல எதுக்குங்கய்யா இவ்வளவு கட்டுப்பாடு?" வேற்றுத்தளை வரக் கூடாது, ஈற்றடி மூன்று சீர்தான், அதன் கடைசிச் சீர் இன்னின்ன வாய்பாட்டில்தான் முடிய வேண்டும். தளை என்ற சொல்லுக்கே விலங்கு என்றுதான் பொருள். ஆனால் அந்த விலங்கு இல்லாவிட்டால் செப்பலோசை இல்லை. எழுதிப் பார்த்தவனுக்குத் தெரியும்: இடம் குறைவாக இருப்பதால் ஒரு சீரைக்கூட வீணாக்க முடியாது. சிறிய எஞ்சின் உள்ள இந்த வண்டியும் அப்படித்தான். வளைவுக்குள் நுழையும்போது தேவைக்கு மேல் வேகத்தைக் குறைத்துவிட்டால், அதை மீட்டுக் கொடுக்க எஞ்சினிடம் கையிருப்பு இல்லை. 40 குதிரைத்திறன் வண்டியில் அந்தத் தவறு தெரியாது. கையைத் திருகினால் மூடிவிடலாம். இதில் ஒவ்வொரு தவறும் உடனே முகத்துக்கு நேரே தெரியும். கற்றுக்கொள்பவனுக்கு எது நல்லது?

வளைவுக்கு வருகிறேன். நாமக்கல் பக்கத்து மனிதனுக்கு வளைவு என்றால் கொல்லிமலைதான். காரவள்ளிச் சோதனைச் சாவடியைத் தாண்டியதும் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை. முதல்முறை அக்கா மகனின் வண்டியில் ஏறியபோது பதினைந்தாவது வளைவுக்குள் எனக்கு வியர்த்துவிட்டது. வண்டி அகன்று அகன்று எதிர்ப்பக்கத்திற்குப் போயிற்று. என் பழைய ஸ்ப்ளெண்டரில் இதே சாலையில் எத்தனையோ முறை போயிருக்கிறேன். அதில் நிமிர்ந்து உட்கார்ந்து, பயந்து, மெதுவாகத் திரும்புவேன். இதில் அப்படி உட்கார முடியாது. என்ன தவறு செய்கிறேன் என்று இரண்டு மூன்று பயணங்களுக்குப் பிறகுதான் விளங்கியது.

நான் வளைவுக்குள் நுழைந்த பிறகு பிரேக் பிடித்துக்கொண்டிருந்தேன். கண் சாலையோரத் தடுப்புச் சுவரின் மீது இருந்தது. எதைப் பார்க்கிறோமோ அங்கேதான் வண்டி போகும். இது தத்துவம் அல்ல. கைகள் கண்ணுக்குக் கட்டுப்பட்டவை என்ற எளிய உண்மை. வளைவுக்கு முன்பே, வண்டி நிமிர்ந்திருக்கும்போதே, வேண்டிய அளவு வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். கியரை இறக்கிவிட வேண்டும். பிறகு வளைவு முடியும் இடத்தைத் தலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். இடப்புறம் திரும்புவதானால் இடக்கைப்பிடியை மெல்ல முன்னால் தள்ள வேண்டும். ஆம், தள்ளத்தான் வேண்டும். கேட்கத் தலைகீழாக இருக்கிறது. ஆனால் மிதிவண்டி ஓட்டத் தெரிந்த எல்லோருமே வேகமாகப் போகும்போது அறியாமல் இதைத்தான் செய்கிறார்கள். முன்சக்கரம் கணநேரம் வலப்புறம் விலக, வண்டி இடப்புறம் சாய்கிறது. சாய்ந்த வண்டி திரும்புகிறது. மற்ற வண்டிகளில் இது மங்கலாக நடக்கும். இந்த வண்டியில் உள்ளங்கைக்கு அப்படியே தெரிகிறது. சாய்ந்தபின் ஆக்ஸிலேட்டரை ஒரு நூலளவு திறந்தால், வண்டி அந்தக் கோட்டிலேயே, தண்டவாளத்தில் போவதுபோல், திரும்பி முடிக்கிறது.

அப்படி ஒரு வளைவு சரியாக அமைந்தபோது வேகமானியைப் பார்த்தேன். 32 காட்டியது. முப்பத்திரண்டு கிலோமீட்டரில் கிடைத்த நிறைவு அது. அன்று நாற்பத்துச் சொச்சம் வளைவுகள் மிச்சம் இருந்தன. மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய வேன் ஒன்று முன்னால் திணறிக்கொண்டிருந்தது. அதைத் தாண்ட வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை.

(கொல்லிமலையைச் சொன்னபின் ஓரியைச் சொல்லாமல் ஒரு தமிழாசிரியனால் போக முடியாது. சிறுபாணாற்றுப்படையில் வள்ளல்களின் வரிசையில் காரியும் ஓரியும் தத்தம் குதிரையின் பெயரோடுதான் வருகிறார்கள். காரி என்பவனின் குதிரையும் காரி. ஓரி என்பவனின் குதிரையும் ஓரி. எங்கள் வகுப்பில் மூன்று கார்த்திக்குகள். வருகைப் பதிவேட்டில் தலைப்பெழுத்தால் பிரிப்போம். பையன்களோ 'டியூக் கார்த்திக்', 'ஆர் ஒன் ஃபைவ் கார்த்திக்', 'பஸ் கார்த்திக்' என்று பிரிக்கிறார்கள். இரண்டாயிரம் ஆண்டுகளில் பெரிய மாற்றம் ஒன்றுமில்லை.)

நிற்க. விழுந்த மாணவனுக்கு வருகிறேன். மருத்துவமனைக்குப் பார்க்கப் போயிருந்தேன். தோளோடு கட்டுப் போட்டுப் படுத்திருந்தான். மலையிலிருந்து இறங்கும்போது விழுந்திருக்கிறான். எத்தனை வேகம் என்று கேட்டேன். "முப்பதுகூட இருக்காதுங்கய்யா" என்றான். நம்பினேன். முப்பதுக்கு மேல் விழுந்திருந்தால் காறை எலும்போடு போயிருக்காது.

"பிரேக் புடிச்சங்கய்யா. நிக்கல. பின்னாடி வழுக்கிட்டுப் போயிருச்சு."

"எந்த பிரேக்?"

"பின் பிரேக்தான். முன் பிரேக் புடிச்சா தூக்கி அடிச்சிரும்னு அப்பா சொல்லுவாரு."

அப்பா பக்கத்தில்தான் நின்றிருந்தார். லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறையில் வேலை பார்ப்பவர். "ஆமாங்க சார், நாங்க சைக்கிள்லேர்ந்தே அப்படித்தான் பழகினது" என்றார். அவர் சொன்னதில் பிழை காண எனக்கு வாய் வரவில்லை. என் தந்தையும் எனக்கு அதையேதான் சொன்னார். தமிழ்நாட்டில் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வரும் சாலைப் பாடம் ஏதாவது உண்டென்றால் அது இதுதான்: முன் பிரேக்கைத் தொடாதே. அது தவறான பாடம். பிரேக் பிடித்தவுடன் வண்டியின் பாரம் முன்சக்கரத்திற்கு வந்துவிடுகிறது, பின்சக்கரம் இலேசாகிவிடுகிறது. இறக்கத்தில் இன்னும் கூடுதலாக. இலேசான சக்கரத்தை மட்டும் இறுக்கிப் பிடித்தால் அது சுழல்வதை நிறுத்திவிட்டு வழுக்கும். நிறுத்தும் வலிமையில் பெரும்பங்கு முன்சக்கரத்தில்தான் இருக்கிறது. அதை வெடுக்கென்று பிடிக்காமல், பிழிவதுபோல் படிப்படியாக அழுத்த வேண்டும். வண்டி சாய்ந்திருக்கும்போது அல்ல, நிமிர்ந்திருக்கும்போது. ஆர் 15இல் முன்பக்கம் அவ்வளவு பெரிய தட்டு பிரேக்கை வைத்திருப்பது அழகுக்காக அல்ல.

அவன் வண்டி பழைய இரண்டாம் பதிப்பு. இரண்டு கைகள் மாறி வந்தது. ஏபிஎஸ் கிடையாது. வேகமாகக் கியர் இறக்கினால் பின்சக்கரம் துள்ளாமல் நழுவிக் கொடுக்கும் கிளட்சும் அதில் கிடையாது. மூன்றாம் பதிப்பில்தான் வந்தது. பட்டறையில் நின்ற வண்டியை அவன் நண்பர்களோடு போய்ப் பார்த்தேன். பின் டயர் எனக்கு விசித்திரமாகத் தெரிந்தது. 130 இருக்க வேண்டிய இடத்தில் 150. "கெத்தா இருக்கும்னு மாத்தினாங்கய்யா" என்றார்கள். விளிம்பின் அகலத்துக்குப் பொருந்தாத டயரை உள்ளே திணித்தால் அதன் முதுகு கூனி விடுகிறது. சாய்க்கும்போது தரையைத் தொடும் பரப்பு மாறிவிடுகிறது. எந்தத் திரும்பும் குணத்துக்காகப் பொறியாளர்கள் மில்லிமீட்டர் கணக்குப் போட்டார்களோ, அதைச் சில ஆயிரம் ரூபாய் செலவழித்துக் கெடுத்து வைத்திருந்தான். கண்ணாடிகள் இரண்டையும் கழற்றியிருந்தான். செயின் தொய்ந்து கிடந்தது. காற்று எவ்வளவு அடிக்க வேண்டும் என்று வண்டியிலேயே ஒட்டியிருக்கிறது என்பது அங்கிருந்த யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

ஆகவே அவனை வீழ்த்தியது அந்த வண்டியின் வேகம் அல்ல. அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லித் தர வேண்டும் என்று எண்ணமும் யாருக்கும் இல்லை. நம் ஊரில் ஓட்டுநர் உரிமம் வாங்க 'எட்டு' போட வேண்டும். காலை ஊன்றாமல் எட்டு வடிவில் சுற்றி வந்துவிட்டால் உரிமம். அதற்கும் பெரும்பாலும் பக்கத்து வீட்டு இலகுவான வண்டியை இரவல் வாங்கிக்கொண்டு போவார்கள். (ஆர் 15இல் எட்டுப் போடுவது கடினம்; கைப்பிடி திரும்பாது என்று முன்பே சொன்னேன்.) பத்துக் கிலோமீட்டர் வேகத்தில் கீழே விழாமல் இருப்பது தேர்வு. நாற்பதில் ஒரு நாய் குறுக்கே வந்தால் எப்படி நிறுத்துவது என்பது பாடத்திட்டத்தில் இல்லை. 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்கிறது மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை. அவர்களில் நூற்றுக்கு நாற்பத்து நான்கு பேர் இருசக்கர வண்டியில் போனவர்கள். அவ்வாண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடு முதலிடம். இத்தனை பேரும் பந்தய வகை வண்டியிலா போனார்கள்?

தீர்மானத்தை முன்மொழிந்த மூத்த பேராசிரியர் மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் தேநீர் இடைவேளையில் அவர் தன் இளமைக்கால ஆர்எக்ஸ் 100 பற்றிப் பேசும்போது கண்கள் ஒளிர்வதையும் கண்டிருக்கிறேன். 1985 முதல் 1996 வரை தயாரான அந்த வண்டியை எங்கள் தலைமுறையும் கோயில் தேரைப்போலப் பார்த்தது. 98 சிசி, 11 குதிரைத்திறன், இலேசான உடல், இருபுறமும் டிரம் பிரேக். கிளம்பும் வேகம் அதில் இருந்தது. நிற்கும் வலிமை அதற்கு ஈடாக இல்லை. மெலிந்த டயர்கள். தலைக்கவசம் அணிந்து அதை ஓட்டியவரை நான் அக்காலத்தில் பார்த்ததாகவே நினைவில்லை. அந்த வண்டியில் போய் இறந்தவர்கள் ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறார்கள். அதை நாம் இசையாக நினைவுகூர்கிறோம். அதைவிட எல்லா வகையிலும் நன்றாக நிற்கும், நன்றாகத் திரும்பும் ஒரு வண்டியைப் பிள்ளைகள் ஓட்டினால் தீர்மானம் போடுகிறோம். இதில் ஒரு நேர்மையின்மை இருக்கிறது.

எதிர்த்தரப்பிலும் உண்மை இல்லாமல் இல்லை. இந்த வண்டியின் உருவமே ஒரு தூண்டுதல். குனிந்து உட்கார வைக்கும் வண்டி, 'விரட்டு' என்று காதில் சொல்லிக்கொண்டே இருக்கிறது. விளம்பரத்தில் காட்டுவது பந்தயத் தடம். விற்பது கடைவீதியில் ஓட்டுவதற்கு. இருங்காட்டுக்கோட்டையிலும் கோவை கரி வேகத் தடத்திலும் முறையாக ஓட்டிப் பழக வழி இருக்கிறது என்றாலும், ராசிபுரத்துப் பையனுக்கு அது எட்டாத் தொலைவு, எட்டாத செலவு. 2025 செப்டம்பரில் 350 சிசி வரையிலான வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. தவணையில் வாங்குவோர் இன்னும் பெருகுவார்கள். என் மருமகனின் வண்டியிலும் இரவு ஒன்பது மணிக்கு மேல் வெற்றுச் சாலையைக் கண்டால், நாற்பத்தைந்து வயதில், தமிழ் முதுகலை படித்த எனக்கே கை ஒரு சுற்று கூடுதலாகத் திரும்பத்தான் செய்கிறது. பொய் சொல்லிப் பயனில்லை. பத்தொன்பது வயதுக்கு எப்படி இருக்கும்?

அதனால்தான் வளாக வாயிலில் தடுப்பது வீண் என்கிறேன். வாயிலில் நிறுத்தினால் அவர்கள் எதிர்த்த டீக்கடையில் வண்டியை விட்டுவிட்டு நடந்து வருவார்கள். ஞாயிற்றுக்கிழமை கொல்லிமலைக்குத்தான் போவார்கள். அங்கே தடுக்க நாம் யாரும் இருக்கப் போவதில்லை.

முதல்வரிடம் தனியே போய்ச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். தீர்மானத்தை ஒரு பருவம் தள்ளி வைத்திருக்கிறார். மைதானத்தின் தார் போட்ட பகுதியை ஞாயிறு காலை ஏழிலிருந்து ஒன்பது வரை பயன்படுத்திக்கொள்ளவும் ஒப்புக்கொண்டார். தலைக்கவசம் இல்லாமல் ஒருவனையும் உள்ளே விடக் கூடாது, பொறுப்பு உங்களுடையது என்றார். உடற்கல்வி இயக்குநர் சுண்ணாம்புக் கோடு போட்டுக் கொடுத்தார். முதல் ஞாயிறு பதினோரு பையன்களும் இரண்டு பெண்களும் வந்தார்கள். பெண்களில் ஒருத்தி ஸ்கூட்டியில் வந்தாள். "எனக்கும் பிரேக் இருக்கில்லங்கய்யா" என்றாள். மறுக்க முடியவில்லை.

செய்வது ஒன்றே ஒன்றுதான். நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் வந்து கோட்டைத் தொட்டதும் நிறுத்த வேண்டும். எங்கே நிற்கிறார்கள் என்று நான் தப்படியால் அளக்கிறேன். முதல் நாள் பின் பிரேக்கை மட்டும் பிடித்து ஒருவன் இருபத்தைந்து தப்படி தள்ளி நின்றான். மூன்றாவது வாரம் அவனே இரண்டையும் பிழிந்து பிடித்துப் பதினைந்தில் நின்றான். பத்துத் தப்படி. ஒரு மாட்டு வண்டியின் நீளத்துக்கும் மேலே. அதே அறுபதில் வந்தால் இரண்டு மடங்குக்கும் மேல் ஆகும். வேகம் இரட்டித்தால் நிற்கும் தூரம் நான்கு மடங்கு என்று இயற்பியல் துறை நண்பர் கரும்பலகை இல்லாமலே விளக்கினார். எனக்கே அன்றுதான் அது முழுதாக உறைத்தது.

தோள் கட்டை அவிழ்த்த பிறகு அந்த மாணவனும் வரத் தொடங்கியிருக்கிறான். இன்னும் ஓட்டக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். ஓரத்தில் நின்று தப்படி எண்ணுகிறான். பழைய 130 டயரை வாங்கிப் போட்டுவிட்டானாம். சென்ற வாரம் அவன் அப்பாவும் உடன் வந்திருந்தார். கையைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், கலையும் நேரத்தில் தன் பழைய டிவிஎஸ் வண்டியை எடுத்துக்கொண்டு கோட்டை நோக்கி வந்தார். முன் பிரேக்கைப் பிடித்தார் என்று நினைக்கிறேன். பத்தொன்பது என்று மகன் எண்ணிச் சொன்னான்.

ஈரத் தரையிலும் இதைச் செய்து பார்க்க வேண்டும் என்கிறார்கள் பையன்கள். தண்ணீர் லாரிக்கு யாரிடம் கேட்பது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.